வந்தியத்தேவனிடம் எதைக் கடன் கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 24. அக்டோபரில் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்துக்கு வந்தேன். மூன்று பேரோடு ஒரு வீட்டைப் பகிர்ந்திருக்கிறேன். வகுப்பில் வாய் திறப்பதில்லை. டிசம்பர் வந்ததும் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அப்போதிலிருந்து கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஒலிநூல்தான் எனக்குத் துணை. இது மூன்றாவது சுற்று. மனம் தளரும்போது ‘வந்தியத்தேவன் என்றால் என்ன செய்வான்?’ என்று கேட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் தெம்பு வருகிறது. பூங்குழலி எனக்கு அக்கா மாதிரி. ஆனால் இரவு இரண்டு மணி வரை கேட்டுவிட்டு, காலை வகுப்பைத் தவற விடுகிறேன். நிறுத்தியதும் முன்னைவிட வெறுமையாக இருக்கிறது. உடன் தங்கியிருப்பவள் ‘நீ என்ன சின்னப் பிள்ளையா?’ என்று சிரித்தாள். அம்மாவும் பயப்படுகிறார். ஜனவரி கடைசியில் வகுப்பில் 20 நிமிடம் பேச வேண்டும், நினைத்தாலே நடுங்குகிறது. இது நோயா? கதையை நிறுத்திவிடட்டுமா? வேறு புத்தகத்துக்கு மாறட்டுமா? இதிலிருந்தே பலம் எடுக்க ஏதாவது முறை இருக்கிறதா?

பதில்: நோய் இல்லை, நிறுத்தவும் வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு பழக்கங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இக்கட்டான நேரத்தில் ‘அவன் என்ன செய்வான்?’ என்று கேட்டுக்கொள்வது ஒன்று. இரவு இரண்டு மணி வரை கதைக்குள் போய் ஒளிந்துகொள்வது இன்னொன்று. முதலாவது உங்களை அறைக்கு வெளியே அனுப்புகிறது, இரண்டாவது உள்ளேயே வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க முடியாமல் தவிக்கிறீர்கள்.

சின்னப் பிள்ளைத்தனம் என்ற கேலிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருகிறவர்களோடு நேயர்களுக்கு உண்டாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956லேயே எழுதிவிட்டார்கள். பிடித்த தொடரைப் பற்றி நினைத்துப் பார்ப்பதே தனிமையின் குத்தலைத் தணிக்கிறது என்று 2009ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 2017ல் வந்த இன்னொரு ஆய்வு உங்கள் கேள்விக்கு மிகவும் நெருக்கமானது. நாலு வயது, ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்திலேயே விளையாட்டு உள்ள ஐபேடையும் வைத்தார்கள். ‘நான் கடுமையாக உழைக்கிறேனா?’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்ட குழந்தைகளைவிட, பேட்மேன் மாதிரி வேடம் போட்டு ‘பேட்மேன் கடுமையாக உழைக்கிறானா?’ என்று கேட்டுக்கொண்டவர்கள் அதிக நேரம் வேலையில் நின்றார்கள்.

குழந்தைகளுக்குச் சரி, பெரியவர்களுக்கு? உளவியலாளர் ஈதன் குரோஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014ல் வெளியிட்ட சோதனைகளில், மேடையில் பேசுவதற்கு முன் ‘நான்’ என்று நினைக்காமல் தன் பெயரைச் சொல்லித் தன்னோடு பேசிக்கொண்டவர்கள் பதற்றத்தைச் சிறப்பாகச் சமாளித்தார்கள். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். ‘நான்’ என்று நினைக்கும்போது பயமும் சேர்ந்தே வருகிறது. பெயரையோ பாத்திரத்தையோ இடையில் வைத்தால் நாலடி தள்ளி நின்று பார்க்க முடிகிறது. நீங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி உங்களுக்குத் தெம்பு தருவது இதனால்தான்.

இனி நடைமுறை. முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், கணக்கு மட்டும் எழுதுங்கள். ஒரு நோட்டில் நாலு கட்டம்: எத்தனை மணிக்குக் கேட்க ஆரம்பித்தேன், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் கேட்டேன், நிறுத்திய அரை மணி நேரத்துக்குள் என்ன செய்தேன். கடைசிக் கட்டம்தான் முக்கியம். பலர் அதில் ‘சந்தோஷமாக இருந்தது’, ‘சோகமாக இருந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கதை எல்லோருக்கும் அந்த நேரத்தில் சந்தோஷம் தரும். சமைத்தேன், துணி துவைத்தேன், பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன், அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன், படுத்தேன் என்று வினைச்சொல்லில் எழுதுங்கள். ஏழு நாள் முடிந்ததும் எந்த நேரத்துக் கேட்பு உங்களை எழுப்பிவிட்டது, எது படுக்க வைத்தது என்று பாருங்கள். அநேகமாகப் பகலில் நடந்துகொண்டே கேட்டது முதல் வகையிலும், இரவில் படுத்துக்கொண்டு கேட்டது இரண்டாவது வகையிலும் விழும். மாறாக இருந்தால் உங்கள் நோட்டையே நம்புங்கள்.

இரண்டாவது வாரம், கடன் வாங்கும் வேலை. இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. வந்தியத்தேவனிடமிருந்து ‘தைரியத்தை’ எடுத்துக்கொள்ள முயன்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. தைரியம் என்பது பார்க்கிறவர்கள் வைக்கும் பெயர். அவன் அந்த நேரத்தில் செய்தது ஏதோ ஒரு சின்னக் காரியம், அதைத்தான் நீங்கள் எடுக்க முடியும். அவன் வென்ற காட்சிகளையும் தொடாதீர்கள். கல்கி அவனுக்கு நிறையச் சலுகை கொடுத்திருக்கிறார். மாட்டிக்கொண்டால் சுரங்கப்பாதை வரும், இல்லையென்றால் ஆழ்வார்க்கடியான் வருவான். ஜெர்மனியின் குடியேற்ற அலுவலகத்தில் சுரங்கப்பாதை கிடையாது. ஆசிரியர் உதவியால் கிடைத்த வெற்றியோடு உங்கள் செவ்வாய்க்கிழமையை ஒப்பிட்டால் தோற்பது நீங்கள்தான்.

அவன் திணறுகிற காட்சிகளில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். நானே இரண்டு சொல்கிறேன்.

தஞ்சாவூரில் அவனுக்கு யாரையும் தெரியாது. கோட்டைக்கு வெளியே சந்தித்த சேந்தன் அமுதனோடு போய், அந்தப் பூந்தோட்டத்து வீட்டில் தங்குகிறான். அரண்மனையில் செல்வாக்குள்ளவனைத் தேடிப் பிடித்து நட்பாக்கிக்கொள்ளவில்லை. வழியில் முதலில் அன்பாகப் பேசியவனோடு போனான், அந்த ஒரு வீடுதான் பின்னால் அவனுக்குப் புகலிடமாகிறது. புது ஊரில் உங்களுக்கு வேண்டியதும் இருபது நண்பர்கள் இல்லை, இப்படி ஒரு வீடுதான்.

இரண்டாவது கோடிக்கரை. இரண்டாம் பாகத் தொடக்கத்தில் ‘சேற்றுப் பள்ளம்’ என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. நிலம் தெரியாமல் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடிப் புதைசேற்றில் மாட்டுகிறான், அவள்தான் காப்பாற்றுகிறாள். வீரம் அங்கே உதவவில்லை, எங்கே கால் வைக்கக் கூடாது என்று உள்ளூர்க்காரிக்குத் தெரிந்திருந்தது. பிறகு இலங்கைக்குப் போகவும் அவளுடைய படகையே நம்பி ஏறுகிறான். இடம் தெரிந்தவரிடம் தெரியாது என்று ஒத்துக்கொண்டு கேட்பது, உங்கள் வாழ்க்கையில் ஒரு நாளைக்குப் பத்து முறை தேவைப்படும் காரியம்.

மூன்றாவது காட்சியை நீங்களே தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி போதும்: அவனுக்கு அப்போது என்ன தெரியும், என்ன தெரியாது, முதலில் என்ன செய்தான், யார் உதவினார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தான். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவசரப்பட்டு வாயைக் கொடுத்தும் வேண்டாத இடத்தில் மூக்கை நுழைத்தும் அவன் பலமுறை மாட்டுகிறான். அதையும் எழுதினால்தான் அவனைப் பின்பற்றித் தடுமாறும் அன்று ‘எனக்கு இது கூட வரவில்லையே’ என்று நொந்துகொள்ள மாட்டீர்கள்.

பிறகு அந்தக் காட்சியை உங்கள் வாரத்துக்கு இறக்க வேண்டும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999ல் எழுதிப் பிரபலமாக்கிய எளிய முறை ஒன்று உண்டு: ‘இன்னது நடந்தால், இன்னது செய்வேன்’ என்று நேரம், இடம், செயல் மூன்றையும் முன்கூட்டியே ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுவது. ‘இனி எல்லோரோடும் பழகுவேன்’ என்பது இதில் சேராது. ‘புதன்கிழமை ஆய்வுக்கூடம் முடிந்ததும், பக்கத்து மேசைக்காரர் மேலங்கியை மாட்டும்போது, மென்ஸாவுக்கு (மாணவர் உணவகம்) போகிறீர்களா என்று கேட்பேன்’ என்பது சேரும். ‘கருத்தரங்கில் ஒரு சொல் புரியாவிட்டால், திரையில் அந்தப் பக்கம் மாறுவதற்குள் கை தூக்கி, இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்பேன்’ என்பதும் சேரும். ஓர் அட்டையில் ஒரு வாக்கியம், அதற்கு மேலே ‘சேற்றுப் பள்ளம்’ என்று தலைப்பு. வாரத்துக்கு இரண்டு அட்டைக்கு மேல் வேண்டாம். ஆறு ஏழு எழுதுகிறவர்கள் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள், எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று குழம்பிவிடுவதால்.

செய்து பார்த்ததும் ‘கேட்டேன்’ என்று குறித்தால் போதும். அவர் வரவில்லை என்று சொன்னாலும் அட்டை நிறைவேறியதுதான். அவருடைய பதில் உங்கள் கணக்கில் வராது.

பூங்குழலியைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. உங்கள் கடிதத்தைப் படித்ததில், வந்தியத்தேவனிடம் நீங்கள் செயலைத் தேடுகிறீர்கள், பூங்குழலியிடம் மனநிலையைத் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. இரவில் தனியாகப் படகில் பாடிக்கொண்டு போகிறவள் அவள். அந்தச் சோகம் உங்கள் சோகத்தோடு அப்படியே பொருந்துவதால் ஆறுதலாக இருக்கும், ஆனால் நிறுத்தியதும் வெறுமை கூடும். நம் மனநிலையை ஒத்த பாத்திரம் முதல் பத்து நிமிடம் துணை, ஒரு மணி நேரமானால் அதே மனநிலைக்கு உரம். அவளை விட வேண்டாம், வேறு பக்கத்தை எடுங்கள். அவளுக்குக் கடலும் துடுப்பும் கைவந்த கலை. புயலுக்குப் பிறகு கடலில் தத்தளித்த வந்தியத்தேவனையும் இளவரசர் அருள்மொழிவர்மரையும் அவளால் படகில் ஏற்ற முடிந்தது அந்தத் தேர்ச்சியால்தான். உங்கள் துடுப்பு எது? நிரல் எழுதுவதா, வரைபடமா, ரசம் வைப்பதா? மனம் கனக்கும் மாலையில் அதை 20 நிமிடம் செய்துவிட்டு, பிறகு அவளுடைய அத்தியாயத்தைக் கேளுங்கள். வரிசை மாறக் கூடாது.

இரவு விஷயம். இந்த நாவல் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர். அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு முடிச்சு போட்டுவிட்டு வாசகரை ஏழு நாள் காக்க வைப்பதற்கென்றே அது கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் அந்த முடிச்சுகளை வரிசையாக, படுக்கையில், கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறீர்கள். தூக்கம் வராதது உங்கள் பலவீனமில்லை, அது கல்கியின் திறமை. அத்தியாயத்தின் முடிவில் நிறுத்த முயன்றால் நிறுத்தவே முடியாது, நடுவில் நிறுத்துங்கள். செயலியில் ஒலி தானாக நிற்கும்படி நேரம் வைக்கும் வசதி இருந்தால் 20 நிமிடத்துக்கு வையுங்கள். இரவுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த, நிதானமான அத்தியாயம் மட்டும். புதிதாகத் தொடரும் பகுதி பகலுக்கு.

பகல் என்றால் வெளிச்சத்தில். கெம்னிட்ஸில் டிசம்பர் மாதத்தில் சூரியன் எட்டு மணி நேரம்தான் இருக்கும், அதிலும் பெரும்பாலும் மேகம். பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் 30 நிமிடம் வெளியே நடந்துகொண்டே கேளுங்கள். மேகமூட்டமான பகல்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசமானது, உடலின் கடிகாரத்துக்கு அது போதும். காலையில் எழும் நேரத்தையும் வகுப்பு இல்லாத நாள் உட்பட ஒரே நேரமாக வையுங்கள். தூங்கப் போகும் நேரத்தைக் கட்டுப்படுத்த முயல்வதைவிட இது எளிது, இரண்டு வாரத்தில் மற்றது தானாகப் பின்னால் வரும்.

அந்தக் காலத்து வாசகர்களுக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்காத ஒன்று, பேச்சுத் துணை. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று திண்ணையிலும் ரயிலிலும் வாதாடினார்கள். ஊரில் இதைப் படித்த ஒருவரை, தோழியோ சித்தியோ, பிடித்து ஞாயிற்றுக்கிழமை ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணி. உங்களுக்கு மதியம் இரண்டு என்றால் அங்கே மாலை ஆறரை, இருவருக்கும் வசதி. ஒரு வாரம் நீங்கள் வாசியுங்கள், மறு வாரம் அவர்கள். அம்மாவாகவே இருந்தால் இன்னும் நல்லது. ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ தவிர வேறு பேச இருவருக்கும் ஒன்று கிடைக்கும், அவருடைய பயமும் பாதி அதிலேயே போய்விடும். உடன் தங்கியிருப்பவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவளுக்குப் பிடித்த தொடர் எது என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒன்று இருக்கும்.

ஜனவரி உரைக்கு வருவோம். 20 நிமிடத்துக்குத் திரையில் காட்ட 10 முதல் 12 பக்கங்கள் (ஸ்லைடுகள்), ஒத்திகையில் 18 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யுங்கள். முழு உரையையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறினாலும் எல்லாம் சரிந்துவிடும். ஒத்திகை மூன்று, மூன்றும் நின்றுகொண்டு, வாய்விட்டு: தனியாக ஒன்று, கைபேசியில் பதிவு செய்து ஒன்று, யாராவது ஒருவர் முன்னால் ஒன்று. தலைக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. உரைக்கு முன் மூன்று நிமிடம் தனியாக நின்று, உங்கள் பெயரைச் சொல்லி உங்களோடு பேசுங்கள்: ‘இன்னாரே, உனக்கு எது பயம்? போன தடவை எப்படிச் சமாளித்தாய்? இப்போது முதல் வாக்கியம் என்ன?’ இந்த இடத்தில் வந்தியத்தேவனைக் கூப்பிடாதீர்கள். மேடையில் அவனாக நடிக்க முயன்றால் பாதி கவனம் நடிப்புக்குப் போகும், கேள்வி வரும்போது அவனுக்குப் பதில் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

நாள் முழுக்க ஒரு பாத்திரமாகப் பழகிப் பார்க்கும் முறையும் உண்டு. உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி 1955ல் எழுதிய நூலில் வருவது. சிகிச்சையாளர் ஒரு கற்பனை மனிதரைப் பற்றிச் சிறு சித்திரம் எழுதித் தருவார், புதுப் பெயரோடு. சிகிச்சைக்கு வந்தவர் இரண்டு வாரம் அந்த மனிதராக வாழ்ந்து பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிடலாம். இது பயிற்சி பெற்றவரின் துணையோடு செய்ய வேண்டியது, தனியாக இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அட்டைகளே போதும்.

எப்போது இதெல்லாம் போதாது? நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பாடும் தூக்கமும் தாறுமாறானால், பிடித்த அத்தியாயத்தைக் கேட்டும் ஒன்றுமே தோன்றாமல் போனால், அல்லது கதையை உங்கள் மனத்திலேயே நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து படிப்பும் குளியலும் நின்றுபோனால், உதவிக்கு ஆள் தேட வேண்டிய நேரம். ஜெர்மனியில் ஷ்டுடீரெண்டன்வெர்க் எனப்படும் மாணவர் சேவை நிறுவனங்கள் உளவியல் ஆலோசனை தருகின்றன. பொதுவாகக் கட்டணம் இல்லை, பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். முதலில் அங்கே எழுதுங்கள், ஏனென்றால் காப்பீட்டில் முறையான மனநல சிகிச்சைக்கு இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆவதுண்டு. கூடவே வீட்டருகே உள்ள குடும்ப மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்க வேண்டாம். 0800 1110111 என்ற டெலிஃபோன்ஸீல்ஸோர்கே (தொலைபேசியில் மன ஆறுதல் தரும் சேவை) எண் இரவும் பகலும் இலவசம், உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 112 என்ற அவசர எண். உதவி கேட்பது உங்கள் பாத்திரங்களுக்குப் பொருந்தாது என்று தோன்றினால், அருள்மொழிவர்மரை நினைத்துப் பாருங்கள். கதைக்கே பெயர் கொடுத்தவர் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, சேந்தன் அமுதனும் பூங்குழலியும் படகில் வைத்து நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்குக் கொண்டுபோனார்கள், பிக்ஷுக்கள்தான் குணமாக்கினார்கள்.

வேறு புத்தகத்துக்கு மாறுவது பற்றி: இப்போது வேண்டாம். படிப்பு, ஊர், மொழி எல்லாம் புதிதாக இருக்கும்போது ஒன்றாவது பழகியதாக இருக்கட்டும். ஆனால் ஐந்தாம் பாகமான ‘தியாகச் சிகரம்’ முடிவதை மட்டும் தேர்வுகளுக்கு அப்பால் தள்ளி வையுங்கள். நீண்ட கதை முடிந்த மறுநாள் சிலருக்குத் துக்க வீடு மாதிரி இருக்கும், அது தேர்வுக்கு முந்தின நாளாக அமைய வேண்டாம். கடைசி அத்தியாயத்தைக் கேட்கும் அன்று மாலை யாராவது ஒருவரோடு சாப்பிட இப்போதே ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். புதன்கிழமை அட்டையில் இருக்கும் அந்தப் பக்கத்து மேசைக்காரராகவும் இருக்கலாம்.